செம்பருத்தி அணி

பிப்ரவரி 3, வெள்ளி

ஆட்டக்காரர்கள் நாலு பேரும் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். காலையில் வீட்டு வேலைக்கு வரும் மாராத்தாள் வந்து என் வீட்டு மாடி அறையைக் கூட்டிக் கழுவிவிட்டுப் போயிருந்தாள். தலைவி ரெஜினாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கிராப்புத் தலை. காலில் செருப்பு தங்குவதே இல்லை. தயாளன் பறையும் அடிப்பானாம், ஆடவும் செய்வானாம். மற்ற இருவரும் இப்போதுதான் கல்லூரி முடித்த பெண்கள். மூன்று வாரம் இங்கேயே தங்கி, எங்கள் வேலாங்காட்டுப்புதூர் ஆட்களை வைத்தே ஓர் ஆட்ட நாடகம் செய்யப் போகிறார்கள்.

பள்ளிக்கூடத்தின் பவள விழா இருபத்தாறாம் தேதி. முப்பத்தொரு வருடம் அங்கே வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் என்று என்னை விழாக்குழுத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். செயலாளர் என் கொழுந்தனார் செல்லமுத்து. அவருக்குப் பாட்டுக் கச்சேரிதான் ஆசை. ஆனால் கோயம்புத்தூரில் டாக்டராக இருக்கும் பழைய மாணவன் ஒருவன் இவர்களை அனுப்பி வைத்துவிட்டான்.

சாப்பிடும்போது ரெஜினா கேட்டாள், "எத்தனை பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்திருப்பீங்க டீச்சர்?" எண்ணியதில்லை, ஆனால் பெயர் மறந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை என்றேன். உதாரணம் சொன்னேன். கொரோனா காலத்தில் திருப்பூர் பேங்கில் முகக்கவசம் போட்ட ஒருவன் வணக்கம் வைத்தான். "நீ ராஜாமணி, ரோஜா அணி, மூணாவது வரிசை" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தயிருக்கு உறை ஊற்ற மறந்துவிட்டேன். நாளைக்கு மோர் இருக்காது.

பிப்ரவரி 5, ஞாயிறு

மாரியம்மன் கோயில் மைதானத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டி உட்கார வைத்தோம். இவர்களிடம் கதையும் இல்லை, வசனமும் இல்லை. ரெஜினா சொன்னாள்: "ஆளுக்கு ஒரு அசைவு குடுங்க. உங்க வாழ்க்கையில அதிகமா செஞ்ச ஒரு வேலை. வாயால வேண்டாம், உடம்பால காட்டுங்க. அதைக் கோத்துதான் எங்க ஆட்டம்."

முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருத்தி எருமை கறந்தாள். தபால்காரர் நாய்க்குப் பயந்து சைக்கிளில் காலைத் தூக்கிக் காட்டினார். டீக்கடைக்காரர் சும்மா உட்கார்ந்து வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டார். "அதுதாங்க நா ரொம்பப் பண்டுனது" என்றார். செல்லமுத்துவுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. கொப்பரை காயப்போடும் களம். அவர் ஒரு தேங்காயைச் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பது போலக் காட்டினார். தயாளன் அதை அப்படியே திரும்பச் செய்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பரவால்லீங் நங்க, பசங்க கெட்டிக்காரங்கதான்" என்றார். அண்ணியை இங்கே நங்கை என்போம்.

நான் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதி, அழித்துக் காட்டினேன்.

பிப்ரவரி 8, புதன்

இன்று காலனிக்குப் போனோம். நானும் கூடப் போனேன். அவர்களுக்கு ஆட்களைத் தெரியாதல்லவா.

வேப்பமரத்தடியில் எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். பத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் நாற்பதைச் சுற்றி வயது, எல்லாரும் என் மாணவிகள். துளசிமணிதான் முன்னால் நின்றாள். நூறு நாள் வேலையில் பொறுப்பாளராக இருக்கிறாள். அந்த நாளிலேயே துடுக்கு. காபி கொடுத்தார்கள். வரும்போதே குடித்துவிட்டு வந்ததால் வேண்டாம் என்றேன். ரெஜினாவும் பிள்ளைகளும் குடித்தார்கள்.

பள்ளிக்கூட விழா என்பதால் பள்ளியில் செய்த அசைவு ஒன்றைக் கேட்டாள் ரெஜினா. பத்துப் பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். துளசிமணி எழுந்து குனிந்தாள். கூட்ட ஆரம்பித்தாள். அடுத்தவளும் கூட்டினாள். பத்துப் பேருமே கூட்டினார்கள்.

"வேற ஏதாச்சும்?" என்றாள் ரெஜினா.

"எங்களுக்கு எப்பவும் செம்பருத்திதானுங்க" என்றாள் துளசிமணி. அவள் பின்னால் நின்ற நெட்டைப் பெண் குபீரென்று சிரித்தாள்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. முப்பது வருடம் கழித்தும் அணியின் பெயரை நினைவு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை நாலு அணியாகப் பிரித்து, தாமரை, மல்லிகை, ரோஜா, செம்பருத்தி என்று பெயர் வைத்தது நான்தான். ஒன்று மணியடிக்கும், ஒன்று செடிக்குத் தண்ணீர் விடும், ஒன்று கரும்பலகை துடைத்துத் தலைப்பு எழுதும், ஒன்று கூட்டும். பூவில் உயர்வு தாழ்வு உண்டா, வேலையில் மட்டும் எப்படி வரும் என்று விளக்குவேன். இன்ஸ்பெக்டர் பாராட்டி எழுதியிருக்கிறார்.

திரும்பி வரும்போது தெருவில் ஒரு பெண் தன் மகளிடம் சொன்னது காதில் விழுந்தது. "மாட்டுச்சாணி அள்ளலீன்னா யாரு அள்ளுவாங்க? போடி, உனக்குச் செம்பருத்தி."

அந்தச் சொல் இப்படியும் வழங்குகிறது போலிருக்கிறது.

பிப்ரவரி 9, வியாழன்

கிணற்று மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து காயில் எரிந்துபோயிருக்கிறது என்றான். வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 11, சனி

பள்ளி மைதானத்தில் முதல் ஒத்திகை. பத்துப் பெண்களும் சீமாற்றுடன் வந்திருந்தார்கள். தயாளன் அவர்கள் கூடவே குனிந்து பழகினான். சிறிது நேரம் கழித்து நிறுத்தச் சொன்னான்.

"அக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா? பத்துப் பேருக்கும் இடது கை முதுகுல இருக்கு. எங்கம்மா கூட்டும்போது இடது கையை முட்டியில ஊணிக்குவாங்க. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான். இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஸ்கூல்ல பழகுனதுங்க" என்றாள் துளசிமணி.

தயாளன் என்னைப் பார்க்கவில்லை. ரெஜினா பார்த்தாள்.

இங்கே எழுதி வைக்கிறேன். அது நான் சொல்லிக் கொடுத்ததுதான். எழுதும்போது இடது கை நோட்டைப் பிடித்துக்கொள்ளும். சாப்பிடும்போது மடியில் இருக்கும். கூட்டும்போது அதற்கு வேலை இல்லை. வேலையில்லாத கை பாவாடையை இழுக்கும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். முதுகில் வைத்தால் வரிசை அழகாக இருக்கும். இதில் தவறு ஒன்றுமில்லை.

அப்புறம் ரெஜினா கேட்டாள்: "ஊர்ப் பொண்ணுங்களையும் கூட்டச் சொன்னேன் டீச்சர். அவங்க யாருக்கும் அந்தக் கை வரலையே. இந்த வேலை முறை வச்சு மாறாதா?"

"மாறும். மாசம் ஒரு தடவை."

அப்படித்தான் சார்ட்டில் எழுதி ஒட்டியிருந்தேன்.

அணி எப்படிப் பிரித்தீர்கள் என்றும் கேட்டாள். தெருவை வைத்துப் பிரித்தேன். ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்து வருவார்கள், சேர்ந்து போவார்கள். வசதிக்காகத்தான்.

பிப்ரவரி 13, திங்கள்

பீரோவுக்கு அடியில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாதி கரையான். அணிப் பதிவு நோட்டுகள் ஆறு கிடைத்தன. எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தேன். மணி, தண்ணீர், கரும்பலகை மூன்றும் மாதாமாதம் மாறியிருக்கின்றன. என் கையெழுத்து அந்த நாளில் நன்றாக இருந்திருக்கிறது.

மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கரையான் மருந்து வாங்க வேண்டும்.

பிப்ரவரி 15, புதன்

ஒத்திகை நடுவில் களைப்பாறும்போது துளசிமணியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், கணக்கில் நல்ல மார்க்காம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, வாய்விட்டும் சொல்லிவிட்டேன். காலனிப் பிள்ளைகளுக்குக் கணக்கு கொஞ்சம் மட்டு. என் அனுபவத்தில் கண்டது அது.

அவள் கோபப்படவில்லை.

"எனக்கு ஏழாம் வாய்ப்பாடு நாலேழு வரைக்கும் நல்லாத் தெரியுமுங்க டீச்சர்."

"அதென்ன நாலேழு வரைக்கும்?"

"உங்க மொதல் பீரியடு கணக்கு, இல்லீங்களா? நீங்க உள்ள வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பீங்க. நாங்க வெளிய கூட்டிட்டு இருப்பமுங்க. ஜன்னலுக்குக் கிட்டக் கூட்டறப்ப காதுல விழுகும். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு, நாலேழு இருபத்தெட்டு. அதுக்குள்ள தண்ணித் தொட்டிக்குப் பொறகால போயிருவமுங்க. அங்க கேக்காது."

நெட்டைப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எட்டாம் வாய்ப்பாடு அன்னைக்கு மட்டும் காத்து நம்ம பக்கம் அடிச்சுதே. அஞ்செட்டு நாப்பது வரைக்கும் வந்துச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மொத்த மைதானத்தையும் கூட்ட அரை மணி ஆகும். முதல் பீரியடு நாற்பது நிமிடம். பிரார்த்தனை முடிந்துதான் கூட்டச் சொல்வேன், இல்லையென்றால் வரிசை நிற்கும்போது பிள்ளைகள் மறுபடி குப்பை போட்டுவிடுவார்கள். நாற்பதில் முப்பது போனால் பத்து. வாரம் ஐந்து நாள், வருடம் இருநூறு நாள். கணக்கு டீச்சர் நான். இந்தக் கணக்கைப் போட எனக்கு முப்பது வருடமா ஆகும்?

எதையும் உதாரணம் சொல்லி விளக்கிவிடலாம் என்பேன். இதற்கு ஒன்றும் வரவில்லை.

மாராத்தாளிடம் உன் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று கேட்டேன். இருபது வருடமாக என் வாசல் கூட்டுகிறாள். "உங்ககிட்டத்தானுங்களே படிச்சாங்க" என்றாள்.

பிப்ரவரி 17, வெள்ளி

காலையில் செல்லமுத்து வந்தார். இட்லி வைத்தேன். தொடவில்லை.

"ஏனுங் நங்க, விழாவுக்குக் கல்வி அதிகாரி வர்றார். அவரு முன்னாடி பத்துப் பொம்பளைங்க சீமாத்தைத் தூக்கிட்டு நிப்பாங்களா?"

"அவங்க பள்ளிக்கூடத்துல செஞ்சதைத்தானே காட்டறாங்க."

"எந்தப் பள்ளிக்கூடத்துல புள்ளைங்க கூட்டலே? அதையெல்லாம் இப்பக் கெளறுனா அசிங்கம் யாருக்கு? பள்ளிக்கூடத்துக்கா, எனக்கா? உங்களுக்குத்தானுங். முப்பது வருசப் பேரு. அன்னைக்கு உங்களுக்குப் பொன்னாடை போத்தறோம், அதே மேடையில இதையுமா? எடுக்கச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் ஒன்று சரி. என் பேர்தான்.

சாயங்காலம் ரெஜினாவிடம், சீமாறு இல்லாமல் வேறு விதமாகச் செய்யலாமா என்று கேட்டேன். நாற்று நடுவது போல, ஆடு மேய்ப்பது போல. எவ்வளவோ இருக்கிறதே.

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "அசைவு அவங்க குடுத்தது டீச்சர். நான் மாத்த முடியாது. அவங்ககிட்டயே கேளுங்களேன்."

பிப்ரவரி 18, சனி

தலைவலி. வெளியே போகவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

காலனிக்குத் தனியாக நடந்தேன். போகிற வழியில் தேங்காய்க் களம். வழக்கமாகக் கொப்பரை கீறும் பெண்களின் பேச்சு ரோடு வரை கேட்கும். இன்று பாதி ஆள்தான் இருந்தார்கள்.

துளசிமணி வீட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. களத்துக்கு வேலைக்குப் போகிற நாலு பேரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நெட்டைப் பெண்ணும் அதில் ஒருத்தி. இன்று அவள் சிரிக்கவில்லை.

"ஆட்டத்துல இருந்து நின்னுக்கிட்டா மறுபடி வரலாம்னு சொல்லி உட்டாங்க" என்றாள் துளசிமணி. "நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா டீச்சர்?"

அதற்குத்தான் வந்திருந்தேன். "இல்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். பிறகு பொதுவாகச் சொல்வது போல, நல்ல நாளில் நல்லதைக் காட்டலாம், ஒருவரைக் குத்திக் காட்டித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன்.

"நாங்க யாரையும் சொல்லலீங்களே. வாய்ப்பாட்டத் தவிர ஒரு வார்த்தை பேசறதில்ல. கூட்டறோம், அவ்வளவுதான். பாக்கறவங்களுக்கு என்ன தோணுதோ தோணட்டும்."

"எப்ப முடியும் அந்தக் கூட்டற எடம்?"

அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"யாராச்சு 'உள்ள வாங்க'ன்னு கூப்பிடற வரைக்கும். அந்த நாள்ல அப்படித்தானுங்களே. நீங்க கூப்பிட்டாத்தான் வருவம். இப்பவும் அதேதான் வெச்சிருக்கறம். கூட்டத்துல யாரு வேணும்னாலும் கூப்பிடலாம். ரெஜினா அக்கா சொல்லிருச்சு, இது முன்கூட்டியே சொல்லி வெக்கற வேலை இல்லைன்னு."

"யாருமே கூப்பிடலைன்னா?"

"கூட்டிட்டே இருப்பமுங்க."

காபி கொடுத்தாள். சர்க்கரை அதிகம். குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 22, புதன்

மோட்டார் சரியாகிவிட்டது. அழைப்பிதழ் அச்சாகி வந்தது. என் பெயருக்கு முன்னால் "நல்லாசிரியை" என்று போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு விருது நான் வாங்கியதில்லை. செல்லமுத்துவின் அன்பு.

பிப்ரவரி 24, வெள்ளி

செல்லமுத்து மறுபடி வந்தார். இந்தத் தடவை சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட்டார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஆட்டத்த நிறுத்துனா டாக்டர் தம்பி சண்டைக்கு வருவான். ஆடட்டும் நங்க. யாரோ கூப்பிட்டாத்தான் நிறுத்துவாங்களாமே? ஒத்திகை பாத்த பசங்க சொன்னாங்க. நானும் ஊருக்குள்ள எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. எத்தன நேரம் கூட்டுவாங்க? கை சலிச்சா அவங்களே போயிருவாங்க. அதிகாரியும் கெளம்பிருவார்."

"காலனி ஆளுக யாராவது கூப்பிட்டுட்டா?"

"அவங்க கூப்பிட மாட்டாங்க. அவங்க கூப்பிட்டா அதுக்கு ஏதுங்க அர்த்தம்?" அவருக்குப் புரிந்திருக்கிறது. எல்லாமே புரிந்திருக்கிறது. எழுந்து கை கழுவிக்கொண்டு சொன்னார்: "நீங்களும்தானுங் நங்க. முன்வரிசையில உக்காருவீங்க. சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கம் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

பிப்ரவரி 25, சனி

ரெஜினாவிடம் அவர் சொன்னதைச் சொன்னேன். பயந்து போவாள் என்று நினைத்தேன். "அப்ப அதுதான் டீச்சர் நாளைக்கு ஆட்டம்" என்றாள். சலங்கைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அதே சலங்கையை இரண்டு தடவை அவிழ்த்துக் கோத்தாள்.

பச்சைக் கரைப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

நாலு மணிக்கு விழா. ஊர்க்காரர்கள் நாற்காலியில், காலனிக்காரர்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றுகொண்டு. யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். செல்லமுத்து பேசினார். இந்த ஊரின் கல்விக் கண் என்றார்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஊர் அசைவுகள் முதலில். எருமை கறப்பது, தபால்காரர் சைக்கிள், கொட்டாவி. ஒரே சிரிப்பு. தயாளன் தேங்காயைச் சுண்டிக் காதில் வைத்தபோது செல்லமுத்துவே கை தட்டினார்.

பறை நின்றது. பத்துப் பெண்களும் சீமாற்றுடன் வந்தார்கள். பத்து இடது கைகளும் முதுகுக்குப் போயின.

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு சீமாறு மண்ணில் உரசும் சத்தம் மட்டும். கூடவே முணுமுணுப்பாக வாய்ப்பாடு. ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தொண்ணு. நாலேழு இருபத்தெட்டு. நிறுத்தி, மறுபடி ஓரேழு. மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். கூட்டிய இடத்தையே கூட்டினார்கள். புழுதி எழுந்து சாய்ந்த வெயிலில் நின்றது. யாரோ இருமினார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊர்க்காரர் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் என் பிள்ளைகள்தான். தாமரை, மல்லிகை, ரோஜா. சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைகள்.

நாலேழு இருபத்தெட்டை எண்ணினேன். பதினேழு தடவை. பத்துப் பேரில் ரங்கம்மாளுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு இளைப்பு உண்டு, சின்ன வயதிலேயே உண்டு. அன்றைக்கும் அவளைக் கூட்டத்தான் சொல்லியிருக்கிறேன்.

எழுந்தேன். செல்லமுத்து என் பக்கம் திரும்பாமலே, "உக்காருங் நங்க" என்றார்.

"செம்பருத்தி அணி, உள்ள வாங்க."

என் குரலுக்கு மைக் வேண்டியதில்லை. மைதானம் முழுக்கக் கேட்டது. ஆனால் ஒரு சீமாறும் நிற்கவில்லை. ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. நான் தப்பாகக் கூப்பிட்டுவிட்டேன் என்று தெரிய ஒரு சுற்று ஆயிற்று.

"ரங்கம்மா, உள்ள வா."

ரங்கம்மாள் நிமிர்ந்தாள். சீமாற்றைக் கீழே வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"துளசிமணி. பாப்பாத்தி. சரசாள். அமராவதி." ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "வெள்ளச்சி. கருப்பாத்தா."

ஏழு பேர். மூன்று பேர் இன்னும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அந்த நெட்டைப் பெண்.

இந்த நோட்டை இப்போது திருப்பிப் பார்த்தேன். நெட்டைப் பெண், நெட்டைப் பெண் என்றே எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தெரியாது என்று எழுதவும் இல்லை.

மைதானத்துக்குள் போனேன். முதலில் எதிர்ப்பட்டவளிடம், "உம் பேரென்னம்மா?" என்றேன். மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. "ஈஸ்வரிங்க." உள்ள வா ஈஸ்வரி. அடுத்தவள் பொன்னுத்தாய். அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். உள்ள வா பொன்னுத்தாய்.

நெட்டைப் பெண் நிற்கவில்லை. கூட்டிக்கொண்டே முன்வரிசை வரை போனாள். செல்லமுத்துவின் காலடி வரை கூட்டினாள். அவர் காலைத் தூக்கிக்கொண்டார். சுவரோரம் யாரோ விசிலடித்தார்கள். அவள் பின்னாலேயே நானும் போனேன், பொன்னாடை புழுதியில் இழுபட.

"உம் பேரு எனக்குத் தெரியலைம்மா. சொல்லு."

நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"காளியாத்தாளுங்க. அஞ்சாவது வரைக்கும் உங்ககிட்டத்தான் இருந்தேன்."

"உள்ள வா, காளியாத்தா."

அவள் இடது கையை முதுகிலிருந்து எடுத்தாள். முதுகைத் தேய்த்துக்கொண்டாள். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"மொதல் பீரியடு முடிஞ்சு போச்சுங்களே டீச்சர்" என்றாள்.

சீமாற்றை என் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போய், மற்றவர்களோடு உட்கார்ந்தாள். தயாளன் பறையை எடுத்தான். சுவரோரத்துக் கைதட்டல் பெரிதாக இருந்தது. நாற்காலிப் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும். டீக்கடைக்காரர் தட்டியதைப் பார்த்தேன். செல்லமுத்து எழுந்து போயிருந்தார்.

நான் உட்காரவில்லை. நாற்காலியில் சீமாறு இருந்தது.

பிப்ரவரி 27, திங்கள்

மத்தியான பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பினார்கள். துளசிமணியும் மற்றவர்களும் வந்து வழியனுப்பினார்கள். களத்தில் அந்த நாலு பேரையும் இன்னும் கூப்பிடவில்லையாம். காளியாத்தாள் வரவில்லை, காங்கேயத்துக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறாள். செல்லமுத்து வீட்டிலிருந்து தினமும் வரும் பால் இன்று வரவில்லை.

காலையில் மாராத்தாள் வந்ததும் சீமாற்றை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். "உங்களுக்கு எதுக்குங்க" என்று இழுத்தாள். வாங்கி நானே வாசலைக் கூட்டினேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தபடி இடது கையை முதுகில் வைத்துக்கொண்டேன். வாசல் படியிலிருந்து முருங்கை மரம் வரை பதினோரு அடி இருக்கும். பாதி போவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது, கை தானாக முட்டிக்கு வந்துவிட்டது.

மாராத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்படித்தானுங்க, முட்டியில ஊணிக்கோங்க" என்றாள். "முதுகுல வெச்சா ஒடம்பு தாங்காதுங்க."